எரிகல்லின் சொந்தக்காரர்கள்

விழுப்புரம் - திண்டிவனம் வானநோக்கர் மன்றத்தின் தலைவர் சக்கரபாணி மூன்று ஆண்டுகளாக வானத்தைப் பார்த்துவந்தார். வானம் ஒரு தடவைகூட அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஹேலி வால்நட்சத்திரம் வந்த வருஷம் தொடங்கிய மன்றம் அது. சக்கரபாணி விழுப்புரத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் அறிவியல் ஆசிரியர். சென்னையிலிருந்து தொலைநோக்கி ஒன்றை இரவல் வாங்கிவந்து, மைதானத்தில் நிறுத்தி, ஊரையே வரிசையில் நிற்க வைத்தார். பார்த்தவர்கள், "ஏதோ பஞ்சு மாதிரி இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஓர் அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எல்லோரும் பார்த்து முடித்த பிறகு தலைவர் குனிந்து கண்ணை வைத்தார். மேகம் மூடிக்கொண்டது. அன்றிலிருந்து ஹேலியைப் பற்றி அவர் நாற்பது கூட்டங்களில் பேசியிருப்பார். பார்க்காத பொருளைப் பற்றிப் பேசுவதில் ஒரு வசதி உண்டு. பார்த்தவன் ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடுவான்.

மன்றத்தின் துணைத் தலைவர் நேமிசந்திரன். திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி வைத்திருப்பவர்; வேர்க்கடலைக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பேர். செஞ்சிப் பக்கத்துப் பழைய ஜைனக் குடும்பம். சக்கரபாணி ஒன்றரை மணி நேரம் பேசி முடித்ததும் இவர் எழுந்து, "சார், ஒரு சின்ன சந்தேகம்" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். மறுநாள் ஜனங்கள் அந்தக் கேள்வியைத்தான் ஞாபகம் வைத்திருப்பார்கள். இது போதாதா? போதாதென்று கூட்டம் முடிந்து விளக்கு வைத்த பிறகு வரும் போண்டாவையும் அவர் தொடமாட்டார். "வேணாங்க" என்று கையைக் கூப்பிவிடுவார். விழுப்புரத்துப் போண்டா திண்டிவனத்து நாக்குக்கு மட்டமாகிவிட்டதோ என்று சக்கரபாணி ஒவ்வொரு தடவையும் உள்ளுக்குள் வெந்துபோவார். வெந்துகொண்டே நேமிசந்திரனின் பங்கையும் சேர்த்துச் சாப்பிடுவார்.

எண்பத்தொன்பதாம் வருஷம் பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் மன்றத்தின் ஆண்டு விழா நடந்தது. விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபம் சும்மா கிடந்தது, பிடித்துப்போட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் கடவுள் வாழ்த்து, அது முடிந்ததும் தலைவர் உரை. தலைப்பு: 'அண்ணாந்து பாருங்கள்'. மேலே ஓட்டுக் கூரை. அதற்குக் கீழே பல்லி.

பேச்சு சூடு பிடிப்பதற்குள் முன்வரிசையிலிருந்து நேமிசந்திரன் எழுந்தார். மேடைக்குப் பக்கமாக வந்து, "பொழுதோட வூட்டுக்குப் போயிடணுங்க சார். மன்னிச்சுக்குங்க" என்று மெல்லச் சொல்லிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்தார். அவருக்காக ஜனங்கள் காலை மடக்கி வழிவிட்டதைச் சக்கரபாணி மைக்குக்குப் பின்னாலிருந்து பார்த்தார். 'பொறாமை பிடித்த மனுஷன். நம் பேச்சைக் கேட்கப் பொறுக்கவில்லை' என்று தீர்மானம் செய்துகொண்டார். அந்தக் கோபத்திலேயே பேச்சு இன்னும் நீண்டது. சூரியக் குடும்பத்தைச் சுற்றிவிட்டு அவர் வெளியே வந்தபோது மணி எட்டரை. பாதிப் பேர் தூங்கியிருந்தார்கள். மீதிப் பேர் எழுந்துபோகக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து இலையில் உட்கார்ந்ததும், மனைவி தையல்நாயகி சோற்றைப் போட்டுக்கொண்டே, "இன்னிக்கு இன்னா ஆச்சு தெரியுமாங்க, நான் மாடியில துணி எடுத்துக்கினு இருக்கச் சொல்ல..." என்று ஆரம்பித்தாள்.

"துணி இருக்கட்டும்டி. நான் வியாழனைப் பத்திச் சொன்னப்ப கைதட்டு எப்படிங்கிற!" என்றார் சக்கரபாணி. அவள் ரசத்தை ஊற்றிவிட்டுப் போய்விட்டாள்.

இதெல்லாம் பங்குனியில். சித்திரை பிறந்த பிறகு பத்திரிகைகளில் ஒரு செய்தி வந்தது. ஒரு மலை அளவு இல்லாவிட்டாலும் ஒரு பெரிய ஏரி அளவுக்குக் கல் ஒன்று, சிறுகோள் என்று சொல்கிறார்களே அது, போன மாதம் பூமியைத் தாண்டிப் போயிருக்கிறது. வந்ததை யாரும் பார்க்கவில்லை, போன பிறகுதான் முதுகைப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள் என்று. மிக நெருங்கி வந்த நாளைக் கணக்குப் போட்டால், ஏறக்குறைய பங்குனி உத்திரத்தை ஒட்டி வந்தது.

மூன்றாம் நாள் உள்ளூர்ப் பத்திரிகையில், ஒரு புண்ணாக்கு விளம்பரத்துக்குக் கீழே, இன்னொரு செய்தி:

'திண்டிவனம் மண்டி உரிமையாளர் திரு. நேமிசந்திரன் பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் இரவு உணவை முடித்துக்கொண்டு தன் வீட்டு மொட்டை மாடியில் உலாவியபோது, வானில் பெரும் எரிகல் ஒன்று ஒளிர்ந்து செல்வதைக் கண்டார். அது பூமியைக் கடந்த சிறுகோளின் சிதறலாக இருக்கக்கூடும் என்று அவர் கருதுகிறார்.'

சக்கரபாணி அதை மூன்று தடவை படித்தார். முதல் தடவை கண் எரிந்தது. இரண்டாவது தடவை வயிறு. மூன்றாவது தடவை எது எரிகிறது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. மூன்று வருஷம் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தவன் இங்கே இருக்கிறான். மல்லாட்டை எடை போடுகிறவன் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விடப் போன இடத்தில் வானம் இறங்கிவந்து காட்சி கொடுத்துவிட்டுப் போகிறது! அதுவும் என் பேச்சிலிருந்து எழுந்து ஓடினவனுக்கு!

மன்றத்தின் செயலாளர் கண்ணையன், மின்வாரியத்தில் எழுத்தர். பத்திரிகையோடு ஓடிவந்தார்.

"பாத்தீங்களா தலைவரே? நம்ம மன்றத்துக்கே பேரு!"

"எரிகல்லும் சிறுகோளும் ஒண்ணுக்கொண்ணு சொந்தம்னு இவருக்கு யாரு சொன்னது? தெனம் ஆயிரம் கல்லு வந்து எரிஞ்சுபோவுது. ஒரே நாள்ல நடந்தா ஒறவாயிடுமா? மறுத்து எழுதப்போறேன்."

இதை அவர் எழுதியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். அவருக்கும் மரியாதையாக முடிந்திருக்கும். ஏனென்றால் அவர் சொன்னதுதான் சரி. சரியான விடை சில சமயம் வயிற்றெரிச்சலிலிருந்தும் பிறப்பதுண்டு.

ஆனால் கண்ணையன் இன்னொரு சேதியும் வைத்திருந்தார். சென்னையில் ஒரு கல்லூரிப் பேராசிரியை, ராஜாமணி என்று பேர், எரிகற்களை ஆராய்கிறவராம். செய்தியைப் பார்த்துவிட்டு, பார்த்தவர்களைச் சந்திக்கத் திண்டிவனத்துக்கே வருகிறாராம். புதுச்சேரி வானொலியில் 'எரிகல்லும் சிறுகோளும் உறவா?' என்று ஒரு பேச்சு வைக்கப்போகிறார்கள். யார் பேசுவது என்பதை அந்த அம்மாளே பார்த்துச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்களாம்.

"பார்த்தவங்கள மட்டுந்தான் சந்திக்கிறாங்களா?" என்று கேட்டார் சக்கரபாணி.

"அப்டித்தான் போட்டிருக்காங்க."

வானொலி! மண்டபத்தில் பேசினால் எழுந்துபோவார்கள். வானொலியில் பேசினால் யார் எழுந்துபோனாலும் தெரியாது. சக்கரபாணிக்கு வேண்டியது உலகத்தில் அது ஒன்றுதான். அது இப்போது மல்லாட்டை மூட்டைக்கு மேலே உட்கார்ந்திருந்தது.

அவர் கணக்குப் போட்டார். இரவு உணவை முடித்துக்கொண்டு என்றால் எத்தனை மணி இருக்கும்? ஒன்பது. அந்த நேரத்தில் நாமும் கூட்டம் முடிந்து வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சாப்பிட்டு முடித்து மாடிக்குப் போனோம் என்று சொன்னால் யார் மறுக்க முடியும்? திண்டிவனத்தில் தெரிந்த எரிகல் விழுப்புரத்தில் தெரியாமலா போகும்? விஞ்ஞானமே நமக்குச் சாட்சி.

பத்திரிகைக்கு எழுதிப் போட்டார்: 'மன்றத் தலைவர் சக்கரபாணியும் அதே எரிகல்லை இரவு ஒன்பது மணியளவில் விழுப்புரத்திலிருந்து கண்டார். அது சிறுகோளின் சிதறலே என்பதில் அவருக்கு ஐயமில்லை.' தான் பார்க்காத வரைக்கும் உறவில்லாமல் இருந்த கல், பார்த்துவிட்டேன் என்று எழுதியதும் உறவாகிவிட்டது.

பேராசிரியை வந்த நாள், மத்தியானம், நேமிசந்திரன் வீட்டு மாடியில் கூட்டம். மண்டிக்கு மேலே விரிந்து கிடந்த மாடி. மேற்கே செஞ்சி மலைகள் வரைக்கும் மறைப்பில்லை, கிழக்கே மரக்காணம் கடற்பக்கம். மாடிகூடக் கொடுத்து வைத்த மாடி என்று சக்கரபாணி நினைத்துக்கொண்டார். அவர் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் நான்கு பக்கமும் அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டி.

நேமிசந்திரனும் சும்மா இருக்கவில்லை. அவர் நின்ற இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, கைப்பிடிச் சுவரில் 'சிறுகோளின் சிதறலைக் கண்ட இடம்' என்று எழுதி வைத்திருந்தார். வந்தவர்கள் வட்டத்தை மிதிக்காமல் சுற்றி நடந்தார்கள்.

பேராசிரியை ராஜாமணி கதர்ப் புடவையும் தோளில் ஒரு ஜோல்னாப் பையுமாக ஏறிவந்தார். தயாராக இருந்த மாலையை, "எனக்கு எதுக்கு? அந்தக் கல்லுக்குப் போட்டிருக்கலாம்" என்று கண்ணையன் கையிலேயே விட்டுவிட்டு, நேராக அந்த வட்டத்துக்குள் போய் நின்றார். நேமிசந்திரனுக்குப் பகீரென்றது. சக்கரபாணிக்கு அந்த அம்மாளை உடனே பிடித்துப்போயிற்று.

"யார் முதல்ல சொல்றீங்க?"

"தலைவர் நான்தாங்க மேடம்" என்று சக்கரபாணி முன்னால் வந்தார். "சாப்ட்டு முடிச்சி மாடிக்குப் போனேன். ஒன்பது மணி இருக்கும். வானத்துல ஒரு ஜோதி! மேற்கேருந்து கெழக்கால போச்சு."

திசையை அவர் நேற்றே, நேமிசந்திரனைப் பார்த்துவிட்டு வந்த கண்ணையனின் வாயைக் கிளறித் தெரிந்துகொண்டிருந்தார். மணியைக் கேட்கத் தோன்றவில்லை. தெரிந்த விஷயத்தை யாராவது கேட்பார்களா?

பேராசிரியை தலையாட்டிவிட்டு நேமிசந்திரன் பக்கம் திரும்பினார். "நீங்க?"

"நானும் சாப்ட்டு முடிச்சிதாங்க வந்தேன். சூரியன் மறைஞ்சி, மேல்வானம் செகப்பா இருந்துது. நிலா இன்னும் கெளம்பல. ஆறே முக்கால் இருக்குங்க."

"ஆறே முக்காலா? அதுக்குள்ள ராத்திரிச் சாப்பாடா?"

"நாங்க ஜைனருங்க, அம்மா. பொழுது சாஞ்சிட்டா சாப்பாட்டுல கை வைக்க மாட்டோம். அன்னிக்குத் தலைவர் பேச்ச பாதியில வுட்டுட்டு நான் ஓடியாந்ததே அதுக்குத்தானுங்களே. பஸ்ஸ வுட்டிருந்தா பட்டினிதான்."

சக்கரபாணிக்கு மாடி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. இது அவருக்குத் தெரியாத விஷயமா? திண்டிவனம் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், ஜைனர் வீட்டில் விளக்கு வைப்பதற்கு முன்னால் அடுப்பு அணைந்துவிடும் என்று. மூன்று வருஷமாக விளக்கு வைத்த பிறகு வந்த போண்டா எல்லாம் ஒவ்வொன்றாக அவர் கண்முன்னால் வந்து நின்றது. தெரிந்ததுதான். ஆனால் வயிறு எரியும்போது மூளைக்குப் புகை மட்டுமே போய்ச் சேர்கிறது.

"அப்ப ஒரே கல்ல ரெண்டு பேரும் பாக்கலயே" என்றார் பேராசிரியை.

இப்போது இரண்டு வழி இருந்தது. ஆறே முக்கால்தான், நான் மறந்து ஒன்பது என்று சொல்லிவிட்டேன் என்று சொல்லலாம். ஆனால் ஆறே முக்காலுக்கு அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்ததற்கு மண்டபம் நிறைய சாட்சி. ஆகவே மற்ற வழியைப் பிடித்தார்.

"அதான் மேடம் அதிசயம்! நான் பாத்தது ரெண்டாவது கல்லு. தாய்க் கல்லு போவச் சொல்ல குட்டிங்க ஒண்ணு பின்னால ஒண்ணு வரும் இல்லீங்களா? இவரு பாத்தது மூத்தது. நான் பாத்தது எளையது."

பேராசிரியையின் கண் அகலமாயிற்று. "ஒரே ராத்திரியில, ஒரே திசையில ரெண்டுன்னா, அது லேசுப்பட்ட விஷயம் இல்ல சார். நெஜமா இருந்தா பெரிய கேள்வி. அந்த நேரத்துல விழுப்புரத்துல வேற யாராவது பாத்தாங்களா?"

சக்கரபாணியின் நெஞ்சு விரிந்தது. நேமிசந்திரன் முகம் சுருங்கியதை ஓரக்கண்ணால் பார்த்தார்; மூன்று வருஷத்துப் போண்டாவும் அந்த ஒரு நொடியில் செரித்தது. வானொலி நிலையத்தின் கதவு திறக்கும் சத்தம்கூட அவர் காதில் விழுந்தது.

அப்போது கண்ணையன், கையில் மாலையோடு, கள்ளம் கபடமில்லாமல் வாயைத் திறந்தார்.

"ஒன்பதுக்கா தலைவரே? அப்ப நாங்க நாப்பது பேரு மண்டபத்துக்கு எதுர்க்க ரோட்லதான நின்னுக்கினு இருந்தோம்? அண்ணாந்து பாருங்க, அண்ணாந்து பாருங்கன்னு நீங்க அந்தப் பேச்சு பேசனீங்களே. ஒருத்தன் பாக்கியில்லாம வானத்தத்தான் பாத்துக்கினு இருந்தோம். டீக்கடக்காரன், 'இன்னாய்யா எல்லாருக்கும் கழுத்து சுளுக்கா?'ன்னு கேட்டான். பத்து மணி வரைக்கும் நிலாதான் தெரிஞ்சுது. வேற ஒண்ணும் வரலியே!"

சக்கரபாணியின் பேச்சைக் கேட்டு ஜனங்கள் அதன்படி நடந்தது வாழ்க்கையில் அது ஒரு தடவைதான்.

கீழே மண்டியில் யாரோ மூட்டையைத் தொப்பென்று போட்டார்கள். பேராசிரியை ஜோல்னாப் பையில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது.

"சரி, ஆறே முக்காலுக்கு வருவோம்" என்று நிமிர்ந்தார். "இவ்ளோ பெரிய எரிகல்ல விழுப்புரத்துல ஒருத்தர்கூடப் பாக்கலயேங்கறதுதான் எனக்குச் சந்தேகமா இருந்துது. அப்ப ஊரு எங்க இருந்துது?"

"மண்டபத்துல" என்றார் கண்ணையன். "தலைவரு பேசிக்கினு இருந்தாரு."

"அப்ப சரியாப் போச்சு."

நேமிசந்திரன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வட்டத்துக்குள் தனக்கு உரிய இடத்தில் வந்து நின்றார். "அப்ப அம்மா, நான் பாத்தது அந்தச் சிறுகோளோட துண்டுதானுங்களே?"

"கைய நீட்டிக் காட்டுங்க. எங்கேருந்து எங்க போச்சு? எவ்ளோ வேகமா?"

நேமிசந்திரன் செஞ்சி மலையிலிருந்து கடற்பக்கம் வரை கையை மெல்ல இழுத்துக் காட்டினார். ஒரு கல்யாண ஊர்வலம் போகிற நிதானம்.

"கூடவே வந்த துண்டுன்னா, அது வந்த திசையிலேருந்து, அது வந்த வேகத்துல வரணும். இது திசையும் சேரல, வேகமும் சேரல. சாயங்காலம் விக்கிரவாண்டியில ரெண்டு பேரு ஒரே நேரத்துல பஸ்ஸ விட்டு எறங்கறாங்க. ஒருத்தர் திருச்சியிலேருந்து வர்றாரு, ஒருத்தர் மெட்ராஸ்லேருந்து வர்றாரு. ஒரே நேரத்துல எறங்கினதால அண்ணன் தம்பி ஆயிடுவாங்களா? ஒங்க கல்லு தனியா வந்த கல்லு. நல்ல கல்லு. ஆனா அந்தப் பெரிய எடத்துச் சொந்தம் இல்ல."

'இதைத்தானே நான் முதலில் சொன்னேன்!' என்று சக்கரபாணியின் உள்ளே ஒருவன் கத்தினான். வெளியே சொல்ல வழியில்லை; அச்சில் ஏற்றியது வேறு.

நேமிசந்திரன் சுவரில் எழுதியிருந்ததை ஒரு தடவை பார்த்தார். பிறகு நைசாக அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டார். வேட்டியின் பின்பக்கத்தில் பாதிச் சிறுகோள் ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்துச் சக்கரபாணி சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் சந்தோஷம் வரவில்லை. உறவோ இல்லையோ, அந்த மனுஷன் பார்த்திருக்கிறான்.

"அப்ப ரேடியோவுல யாருங்க பேசறது?" என்று கேட்டார் கண்ணையன்.

"எனக்கு வேணாங்க" என்றார் நேமிசந்திரன், சுவரை விட்டு நகராமல். "சொந்தமே இல்லேன்னு ஆயிப்போச்சு. இன்னும் போய் இன்னா பேசறது? பாத்தேன், நல்லா இருந்துது. அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

பேராசிரியை சக்கரபாணியை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு ஊரையே நாலு மணி நேரம் உள்ள உக்கார வச்சவர் இருக்காரே. நீங்களே பேசுங்க சார். உறவு ஏன் இல்லேங்கறத நான் எழுதித் தர்றேன். ஒரே ஒரு கண்டிஷன். முதல் வாக்கியம் நான் சொல்றதுதான்."

அப்படியாக, வைகாசியில் ஒரு சாயங்காலம் புதுச்சேரி வானொலியில் சக்கரபாணியின் குரல் ஒலித்தது. மண்டபத்தில் இருந்ததைவிடக் கம்பீரமாகவே இருந்தது. "நேயர்களுக்கு வணக்கம். அந்த எரிகல்லை நான் பார்க்கவில்லை. பார்த்தவர் திண்டிவனம் திரு. நேமிசந்திரன்" என்று தொடங்கியது. கேட்ட நாள், கேட்ட நேரம், கேட்ட நாற்காலி எல்லாம் கிடைத்தது. பேச்சுக்குள்ளே உட்கார்ந்திருந்தது மட்டும் இன்னொருவன் பேர். அந்தப் பதினைந்து நிமிஷத்தில் அவர் அந்தப் பேரை ஒன்பது தடவை உச்சரிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் வேப்பெண்ணெய் விழுங்கியவர் குரல்.

முன்கூட்டியே பதிவு செய்த பேச்சு என்பதால் அவர் வீட்டிலேயே உட்கார்ந்து, தையல்நாயகியோடு கேட்டார். முடிந்ததும் வானொலிப் பெட்டியை அணைத்துவிட்டு, பாராட்டுக்காகச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"நல்லா பேசனீங்க" என்றாள் அவள்.

"ம்."

"ஆனா விழுப்புரத்துல ஒருத்தருமே பாக்கலன்னு சொன்னீங்களே, அது மட்டும் தப்புங்க."

"எது தப்பு?"

"நான் பாத்தேனே. அன்னிக்குப் பொழுதோட மாடியில துணி எடுத்துக்கினு இருக்கச் சொல்ல. பச்சையா கெளம்பிச்சு, அப்பறம் மஞ்சளாச்சு, கடசீல ரெண்டா ஒடஞ்சி கெழக்கால போய் அணைஞ்சிது. எந்தத் தொட்டியும் மறைக்கல. அன்னிக்கு ராவே ஒங்களாண்ட சொன்னேன். நீங்கதான் கைதட்டு எப்டின்னு கேட்டுக்கினு இருந்தீங்க."

பச்சை. மஞ்சள். இரண்டாக உடைந்தது. நேமிசந்திரன்கூட இத்தனையைப் பார்க்கவில்லை. சக்கரபாணி ஏற்கனவே அணைத்த வானொலிப் பெட்டியை இன்னொரு தடவை அணைத்தார். தையல்நாயகி எழுந்து, அடுப்பைப் பார்க்கப் போனாள். அந்த நடையில் புதிதாக ஒரு கர்வம் இருப்பதுபோல அவருக்குப் பட்டது. பத்து வருஷமாக அவள் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தாள்.

வயிறு மெல்ல எரியத் தொடங்கியது. ஒரு சௌகரியம், இனிமேல் அதற்காகத் திண்டிவனம் வரைக்கும் பஸ் ஏற வேண்டியதில்லை.